அது இல்லாட்டி இது

பொன்மணி பிடித்த பிடியை விடாதவள். விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் வீட்டில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, சிவகாசியில் ஓர் அச்சகத்து மாடியில் நடக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அவள் எழுதிக் கொடுத்த புரோகிராம், கிஃப்ட் பாக்ஸுக்குள் என்னென்ன வைக்க வேண்டும் என்று சீட்டு அடித்துத் தரும். ஒரு அயிட்டம் தீர்ந்துபோனால் அதற்குப் பதில் எதை வைப்பது என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

தீபாவளி சீசன் உச்சத்தில் ஒரு நாள் காலையில் அது அப்படியே நின்றுவிட்டது. பொன்மணி லேப்டாப்போடு கம்பெனி ஆபீசுக்கே வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, நாலு மணிக்கு லாரி வந்துரும்" என்றார் மேனேஜர் சீனிவாசகம். "லோடு ஏறலைன்னா ஒன் மிசினைத் தூக்கி வெளிய வச்சுட்டு பழைய நோட்டை எடுத்துருவேன். பெறகு நீ இந்தப் பக்கமே வர வேண்டாம்."

"ஏறும் அண்ணாச்சி."

வீம்புக்குத்தான் சொன்னாள். காரணம் அவளுக்கே தெரியாது.

டிபக்கர் என்று ஒன்று உண்டு. ஓடுகிற புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, வயிற்றைத் திறந்து காட்டும். அன்றும் காட்டத்தான் செய்தது. ஆர்டருக்குள் பெட்டி, பெட்டிக்குள் அயிட்டம், அயிட்டத்துக்குள் அதற்குப் பதிலான அயிட்டம். ஆனால் ஒன்றுக்கும் பேர் கிடையாது. எண்ணும் எழுத்தும் கலந்த முகவரிகள், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி. திறக்கத் திறக்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு மணிவரை பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

குருட்டாம்போக்கில் எதையாவது மாற்றிப் பார்க்க அவளுக்கு மனசில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியட்டும் என்று முடிவு கட்டினாள். டிபக்கர் எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கே தனியாக ஒரு சின்ன புரோகிராம் எழுத ஆரம்பித்தாள். அயிட்டத்துக்கு ஒரு வரி. அதில் பேரும் இருப்பும். பதில் அயிட்டம் அதற்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி. ஒருமுறை வந்தது மறுபடி வந்தால் 'மேலே பார்' என்று போட்டு நின்றுவிட வேண்டும்.

சீனிவாசகம் எட்டிப் பார்த்தார். "சரியாயிருச்சா?"

"இல்ல அண்ணாச்சி. பாக்குறதுக்கு வழி பண்றேன்."

"வெளங்கிரும். கூரை ஒழுகுதுன்னு கூப்பிட்டா, இவ மூக்குக்கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு இருக்கா."

பொன்மணி எழுதிக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டுத் தூக்குவாளியைக்கூடத் திறக்கவில்லை. இரண்டரைக்குத் திரையில் மூன்று வரி வந்தது.

குருவி வெடி, இருப்பு இல்லை
    லட்சுமி வெடி, இருப்பு இல்லை
        குருவி வெடி, மேலே பார்

சீட்டு கேட்டு வந்த மாடத்தி, பேக்கிங் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஏ புள்ள, இது நான் சொன்னதுல்ல?"

"நீங்க சொன்னதுதான்க்கா. குருவி இல்லாட்டி லட்சுமி, லட்சுமி இல்லாட்டி குருவின்னீக. அப்படியே ஏத்துனேன். இன்னைக்கு ரெண்டும் காலி. அதான் அங்கனக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கு."

"அடப்பாவி மிசினே! ரெண்டும் இல்லாட்டி எவளாவது மாறி மாறி ரெண்டு டப்பாவையும் தொறந்துக்கிட்டே இருப்பாளா? எங்கிட்ட வந்து கேப்பா. நான் சாட்டை மத்தாப்பைப் போடுடீன்னுருவேன்."

"அதை நீங்க சொல்லலையே?"

"நீ கேக்கலையே!"

அதற்குமேல் வேலை அதிகமில்லை. பார்த்த அயிட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, சுற்றித் திரும்பி வந்தால் ஆளைக் கேட்கும்படி பொன்மணி புரோகிராமைத் திருத்தினாள். மூன்றேகாலுக்கு முதல் சீட்டு வெளியே வந்தது: 'குருவி, லட்சுமி இரண்டும் இல்லை. மாடத்தியைக் கேட்கவும்.'

"சாட்டையைப் போடுங்கடீ!" மாடத்தியின் சத்தம் பேக்கிங் கூடம் முழுக்கக் கேட்டது.

நாலரைக்கு லாரி கிளம்பியது. "சரி, மிசின் இருக்கட்டும். நீ கெளம்பு, முதல்ல சாப்பிடு" என்றார் சீனிவாசகம். ஆட்களை வீட்டுக்குக் கூட்டிப்போகும் மாலை வேன் வந்து வாசலில் நின்றது.

பொன்மணி எழுந்திருக்கவில்லை. மொத்த அயிட்டங்களையும் அதே மாதிரி வரி வரியாக விரித்துப் பார்த்திருந்தாள். 'மேலே பார்' இன்னும் இரண்டு இடத்தில் நின்றது.

"மாடத்தியக்கா, வேன்ல ஏறிராதீக. புஸ்வாணமும் சங்குசக்கரமும் சேந்து தீந்துபோனா என்ன போடுவீக?"

"நாளைக்குச் சொல்றேன் புள்ள."

"இப்பவே சொல்லுங்க. இந்தத் தடவை கேக்குறேன்ல?"