மூன்று தடவை கூப்பிட்டார்கள்

எட்டு வயதில் வந்த காய்ச்சல் என் காதுகளைக் கொண்டுபோனது. அதற்கு முன் கேட்டவை மட்டும் உள்ளே மிச்சம்: கிணற்றில் வாளி விழும் சத்தம், அம்மா என்னைக் கூப்பிடும் குரல். மற்ற சத்தமெல்லாம் நானே மனசுக்குள் போட்டுக்கொள்வது. மல்லிகை மொட்டு அவிழும்போது மெல்லிய சத்தம் வரும் என்று வெகுநாள் நம்பினேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லியிருப்பார்கள்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் தோட்டம். அப்பா போனபின் பாகம் பிரித்தபோது அண்ணன் என்னை விட்டுவிட்டான். "ஒனக்கெதுக்கு நெலம்? நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றான். அவன் உதட்டை நன்றாகவே படித்தேன். கிணற்றடி மல்லிகைச் செடிகள் நான் வைத்து வளர்த்தவை. அவை எனக்கு வேண்டும். வழக்குப் போட்டேன். முடியும்வரை யாரும் அவற்றைத் தொடக் கூடாதென்று வக்கீலம்மா தடையும் வாங்கினார். செவிடிக்கு இம்புட்டு வாயா என்று ஊர் சிரித்தது. காது போனவளுக்கு வாயாவது இருக்க வேண்டாமா?

கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. டவாலி வாசலுக்கு வந்து பெயரை மூன்று தடவை கூவுவார். போய் நிற்காவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். எனக்கு அது தெரியாது. யாராவது வந்து கூட்டிப்போவார்கள் என்று எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வக்கீலம்மா மாடியில் வேறொரு வழக்கில் இருந்தார்.

புங்கம்பூ மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எத்தனையோ வாய்கள், கிணற்று மீன்களைப் போலத் திறந்து மூடின. வெயில் இலைகளுக்குள் புகுந்து தரையில் ஆடியது. பார்த்துக்கொண்டே இருந்தவள் எப்போது தோட்டத்துக்குப் போனேனோ தெரியாது. பனியில் நனைந்த செடிகளுக்குள் நடந்துகொண்டிருந்தேன். மொட்டுகள் ஒவ்வொன்றாகச் சத்தமிட்டு அவிழ்ந்தன.

வக்கீலம்மாவின் முகம் எதிரே வந்தது. "எங்கம்மா போனீங்க? மூணு தடவ கூப்புட்டாங்களாம். கேஸு தள்ளுபடியாயிருச்சு!"

நான் இருபதடி தூரத்தில்தான் இருந்தேன். ஆத்திரத்தில் அழுதேன். அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு கிறுக்கு நினைப்பு: அம்மாவுக்குப் பிறகு என்னை இவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை.

வழக்கோடு தடையும் போனது. அடுத்த வாரமே அண்ணன் டிராக்டர் கொண்டுவந்தான். தோட்டத்தை ஒட்டிய என் வீட்டுக்குள், வாசலுக்கு முதுகைக் காட்டிப் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வெளியே வந்தபோது கிணற்றடி வெறும் மண். ஊரே நின்று வேடிக்கை பார்த்ததாம்.

வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தோம். மனு விசாரணைக்கு வந்த அன்று டவாலியின் காலடியிலேயே உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, என் வாயவே பாக்குறீங்க?"

"ஒங்க வாய்லதாண்ணே என் தோட்டம் இருக்கு."

உள்ளே நீதிபதி காகிதத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பேசினார். எனக்கு அவர் உச்சிதான் தெரிந்தது. பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"ஐயா, செத்த நிமிந்து பேசுங்க."

அத்தனை வாய்களும் நின்றன. அவர் நிமிர்ந்தார். "காது கேக்கலன்னா, கூப்புட்டாங்களான்னு யார்ட்டயாவது விசாரிச்சிருக்கலாமே?"

"கூப்புடுவாங்கன்னே தெரியாதுங்கய்யா."

பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார். வழக்கு உயிர்பெற்றது. இனி என் முறை வந்தால் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு.

இப்போதும் வாய்தாவுக்குப் போகிறேன். வெறும் மண்ணுக்காக அதே புங்கமரத்தடி. டவாலி முறைப்படி மூன்று தடவை கூவிவிட்டு, அப்புறம் நடந்துவந்து தோளைத் தொடுகிறார். ஒவ்வொரு முறையும் தோட்டத்திலிருந்து திடுக்கிட்டுத் திரும்புகிறேன். டிராக்டர் வந்த அன்று யாராவது இப்படித் தொட்டிருக்கலாம்.