பசர்கான் வாசலில் எய்வாஸின் தர்பூசணி

அரராத் மலையடியில், ஈரானும் துருக்கியும் முட்டிக்கொள்ளும் பசர்கான் சுங்க வாசலில், துருக்கிக்குப் போகும் இரண்டு லாரி வரிசைகள் ஒன்றாகிற இடம் உண்டு. ஈரான் டிரைவர் எய்வாஸின் தர்பூசணி லாரியும் துர்சுன் என்ற துருக்கிக்காரனின் காலி லாரியும் அங்கே ஒரே நேரத்தில் வந்து நின்றன. எய்வாஸ் கையை நெஞ்சில் வைத்து, நீங்கள் முன்னால் போங்கள் என்றார். எதிராளி மறுக்க வேண்டும், இவர் மறுபடி சொல்ல வேண்டும், அவன் மறுபடி மறுக்க வேண்டும்; ஈரானில் பிறந்தவனுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. துர்சுன் நன்றி சொல்லிவிட்டுப் போயே விட்டான்.

அவன் தாண்டிய சற்று நேரத்தில் நண்பகல் ஆணை வந்தது. ஈரான் தன் மலிவு டீசலுக்காகத் துருக்கி லாரிகளிடம் தனிக் கட்டணம் வாங்கிவந்தது. பதிலுக்குத் துருக்கியும் இன்று முதல் ஈரான் லாரிகளுக்கு அதையே போட்டுவிட்டது. கட்டினால் எய்வாஸின் வாடகை முழுவதும் போய்விடும். காத்திருந்தால் ஜூலை வெயிலில் தர்பூசணி வெடிக்கும். சரக்கு அவருடைய மைத்துனனுடையது. அந்த வருஷ விளைச்சலே அதுதான்.

"வாயால உபசாரம் பண்ணு, கால ஆக்ஸிலேட்டர்லயே வச்சுக்கோ. இதுகூடவா தெரியாது உனக்கு?" என்றான் பின்னால் நின்ற சத்தார். வரிசையே சிரித்தது. எய்வாஸும் சிரித்துவிட்டு, தார்ப்பாயைத் தளர்த்திக் காற்று விட்டார்.

சாயங்காலம் துர்சுன் போனில் கூப்பிட்டான். எல்லா லாரிகளிலும் கதவில் எழுதியிருக்கும் எண்தான். செய்தி கேள்விப்பட்டிருந்தான்.

"அண்ணே, நீங்க சும்மா மரியாதைக்குச் சொன்னீங்களா? எங்க ஊர்ல போன்னா போறதுதான். எனக்குத் தெரியாமப் போச்சு."

சத்தார் காதை நீட்டிக்கொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பையன் கடன்பட்டவனாகியிருப்பான்.

"இல்ல தம்பி, மனசாரத்தான் சொன்னேன். நீ நல்லபடியா வீடு போய்ச் சேந்தியா?"

வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு துர்சுன் கேட்டான்: கட்டணம் லாரிக்கா, பின்னால் இழுக்கும் ட்ரெய்லருக்கா?

ஆணையில் லாரி என்றுதான் இருந்தது; ஈரான் ட்ரெய்லரைத் துருக்கி வண்டி இழுத்துப் போனால் கட்டணம் இல்லை. மறுநாள் விடியலில் துர்சுன் தன் ட்ரெய்லரை வீட்டில் கழற்றிவிட்டு, இழுக்கும் முன்வண்டியோடு மட்டும் இரு நாட்டு வாசல்களுக்கும் நடுவே வந்து நின்றான். இரண்டு பக்கத்துச் சுங்க அதிகாரிகளும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துத் தடுக்க வழியில்லாமல் விட்டார்கள். முந்தின நாள்வரை முகம் தெரியாதவனிடம் எய்வாஸ் தன் ட்ரெய்லரையும் மைத்துனனின் விளைச்சலையும் கையெழுத்துகூட வாங்காமல் ஒப்படைத்தார். அடியில் இருந்த சில காய்கள் தவிர எல்லாம் துருக்கியின் எர்சுரும் சந்தையில் விற்றுப்போயின.

இரண்டு தலைநகரங்களிலும் பேச்சுவார்த்தை முடிய வாரங்கள் ஆயின. அதுவரை பசர்கானில் லாரிகள் நடுவில் வந்து ட்ரெய்லர் மாற்றிக்கொண்டன. சரக்கு போனதும் எய்வாஸ் வீட்டுக்குப் போயிருக்கலாம். தன் ட்ரெய்லர் திரும்பும்வரை அங்கேயே நின்று, மற்றவர்களுக்குக் கொக்கி மாட்டி, பிரேக் காற்றுக்குழாய் இணைத்துக் கொடுத்தார். முதலில் மாட்டிவிட்டது சத்தாரின் ட்ரெய்லரை.