ஊதா வேண்டாம் என்றவர்

மூடியார். பிறப்பு 1948, மறைவு 2016. பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பட்டறைக்குள் நுழையும் எவரிடமும் அவர் பேசும் முதல் வார்த்தை, "அந்த டின் மூடிய மூடுங்க" என்பதாகவே இருந்தமையால் வந்த பெயர் இது.

பழைய கார்களுக்குப் பிரேக் பார்ப்பது அவர் தொழில். பட்டறைகளில் பிரேக் ஆயில் என்று வழங்கப்படும் திரவம் எண்ணெயே அன்று என்பதை எல்லாரிடமும் சலிக்காமல் விளக்குவார். அதில் சிறிது எண்ணெய் கலந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகள் உப்பிவிடும். வழக்கமான மஞ்சள் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் குடிக்கும். ஈரமேறிய திரவம் மலை இறக்கத்தில் சூடானால் கொதித்து ஆவியாகும், பிரேக் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகையால் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவார். ஒவ்வொரு முறையும் புது டின்னையே உடைப்பார். மீந்ததைத் துருப்பிடித்த சாமான்களை ஊறவைக்க மட்டும் மூலை அலமாரியில் வைப்பார்.

தொழிலில் குறையில்லை. குறை எல்லாம் சகலையால் வந்தது.

மனைவியின் தங்கையை மணந்தவர் பெயின்டர். அதே பட்டறையின் மறுபாதியில் பழைய கார்களுக்குச் சாயம் அடித்தார். வண்டி பளபளத்தால், "யாரு கை இது?" என்று கேட்டுப் பெயின்டரின் தோளைத் தட்டுவார்கள். வண்டி சரியாக நின்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை; நிற்பது வண்டியின் கடமை என்று இருந்துவிடுவார்கள். மாமியார் வீட்டிலும் அதே கதைதான். இளைய மாப்பிள்ளை வந்தால் நாற்காலி தானாக முன்னுக்கு வரும். மூத்தவர் தாமே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

2009 ஜனவரியில் பல் டாக்டர் ஒருவரின் கார் முழுவதுமாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டில் நான்கு நாள் மட்டும் ஓடும் கார். எஞ்சிய நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். மூடியார் ரப்பர் கப்புகளையும் குழாய்களையும் புதிதாகப் போட்டார். பெயின்டர் கருஞ்சிவப்புச் சாயத்தை ஒன்பது பூச்சு பூசினார். அந்தச் சமயத்தில்தான் டாக்டர் வந்து நின்றார்.

"உங்க சகலை ஒரு யோசனை சொல்றாரு. ஊதா நிறத்துல ஒரு பிரேக் ஆயில் இருக்காமே? சிந்தினாலும் பெயின்ட அரிக்காதாம். ஈரமும் இழுக்காதாம். நீங்க என்ன சொல்றீங்க?"

மூடியாருக்கு அது தெரியாததில்லை. ஊதாத் திரவம் மஞ்சளோடு சேராது. மிதியும் சற்றே மெத்தென்றிருக்கும். ஆனால் எல்லாம் புதிதாகப் போட்டு, பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கும் காருக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. அதைச் சொல்ல அவரே வாயெடுத்திருந்தார். பெயின்டர் முந்திக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்றேன் டாக்டர்" என்றார் மூடியார்.

வீட்டில் மனைவியும் விடவில்லை. "தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னது நல்ல யோசனைதானேங்க?"

"அவன் பிரஷ்ஷப் பிடிக்கட்டும். பிரேக்க நான் பாத்துக்கிறேன்."

"நல்லதச் சொன்னாலும் உங்களுக்கு ஆகாது!"

மறுநாள் யாரும் வருவதற்கு முன் பட்டறையைத் திறந்தார். புது டின் வாங்க உதிரிபாகக் கடை திறக்கப் பத்து மணியாகும். ஒன்பதுக்கே டாக்டர் வந்துவிடுவார். அதற்குள் மஞ்சள் ஏறியிருந்தால் ஊதாவுக்கு இடமே இராது. மூலை அலமாரியில், மழைக்காலம் முழுதும் அரைகுறையாய் மூடிக்கிடந்த எட்டு மாதத்துப் பழைய டின் இருந்தது. மூடியார் அதையே எடுத்து ஊற்றினார். உதவிக்கு ஆள் இல்லாததால், சக்கரங்களிலுள்ள பிரேக் திருகுகளைத் திறந்து, குழாயிலுள்ள காற்று வெளியேறும் வரை சொட்டுச் சொட்டாக வடியவிட்டார். 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். டாக்டரிடம், "மஞ்சள் போட்டாச்சு. இனி ஊதா சேராது" என்று மட்டும் சொன்னார். மாற்றுவதற்கு அவர் கை எழவேயில்லை. மாற்றுவதைச் சகலை பார்த்துவிட்டால் என்னாவது?

பிப்ரவரி எட்டாம் நாள், ஞாயிறு, பழைய கார்கள் ஊர்வலமாக மலைக்குப் போய் இறங்குவதாக ஏற்பாடு. தெருவே திரண்டிருந்தது. கருஞ்சிவப்பில் முகம் பார்த்துத் தலைசீவலாம் என்றார் ஒருவர். டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டிப் பெயின்டரை அழைத்தார். புதுச்சட்டை போட்ட பெயின்டர் மாப்பிள்ளை போல ஏறி அமர்ந்தார். மூடியாரிடம், "வரட்டுமா சகலை?" என்று கையசைத்தார்.

போகட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே மூடியாருக்குப் பொறுக்கவில்லை. பதினான்கு கிலோமீட்டர் இறக்கம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, காரின் முன்னால் நின்றார்.

"டாக்டர், எஞ்சின நிறுத்துங்க. இந்த வண்டி மலைக்குப் போகக் கூடாது."

"என்னாச்சு?"

"பிரேக்ல ஊத்தினது பழைய டின். எட்டு மாசமா திறந்து கிடந்தது. நான்தான் ஊத்தினேன்."

பெயின்டர் சிரித்தேவிட்டார். "பழைய டின்னா? நீங்களா? காலங்காத்தால விளையாடாதீங்க சகலை!" மூடியாரின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

மற்ற கார்கள் புறப்பட்டுப் போயின. மஞ்சளிலேயே புது டின்கள் வாங்கி வரப்பட்டன. பழையதை வெளியேற்ற ஒருவர் மிதியை அழுத்த வேண்டும், மற்றவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். பெயின்டர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மிதியில் காலை வைத்தார். மூடியார் தரையில் மல்லாந்து படுத்தார்.

"அழுத்துங்க."

"அழுத்திட்டேன்."

"விடாதீங்க... இப்ப விடுங்க."

மூன்றாம் சக்கரத்தில் பெயின்டர் கேட்டார்: "ஏன் சகலை இப்படி?"

"கடை திறக்கல."

"ஊதா டின் என் வேன்லயே இருந்துச்சே. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?"

"அழுத்துங்க."

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க."

"உங்ககிட்ட கேக்க வேண்டாம்னுதான் ஊத்தினேன். போதுமா? அழுத்துங்க."

 மிதி அழுந்தியது.

நண்பகலில் கார் தயாரானது. டாக்டர் மூடியாரிடம் ஏதோ கடிந்து பேசத் தொடங்கினார். பெயின்டர் குறுக்கே வந்தார். "விடுங்க டாக்டர். அத்தன பேர் முன்னாடி தன் தப்பத் தானே சொல்ல எத்தன பேருக்கு மனசு வரும்?"

அங்கிருந்தவர்கள் உருகிப்போனார்கள். இப்படியும் ஒரு மனுஷனா என்று மாலை வரை பெயின்டரைப் பற்றியே பேசினார்கள். அரை நாள் தரையில் கிடந்தவரைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. மூடியார் சோப்புப் போட்டுக் கையை நான்கு முறை கழுவினார். எரிச்சல் கையில் இல்லை.

அடுத்த மாதம் அவர் அந்தக் காரின் பிரேக்கை மறுபடி பிரித்தார். குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவி உலர்த்தினார். கப்புகளை மீண்டும் புதிதாக மாற்றி, ஊதாவை ஊற்றினார். குறிப்பேட்டில், 'ஊதா. உரிமையாளர் விருப்பப்படி' என்று எழுதினார். யாருடைய யோசனை என்பதை எழுதவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் அந்தக் காரைப் பார்த்தார். மிதியை அழுத்த ஆள் வேண்டும்போதெல்லாம், முகத்தைத் திருப்பிக்கொண்டே பட்டறையின் மறுபாதிக்குக் குரல் கொடுப்பார்.

அவர் கடைசியாக அந்தக் காரின் திருகுகளைத் திறந்து மூடியது 2015 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. மிதியில் சகலை.