பெயர் எழுதிய மணல் மூட்டைகள்

எங்கள் ஹடப்சர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்காரர் போன வாரம் ஒரு வண்டி வாங்கினார். வெறுமனே வண்டி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். பாசிப்பச்சை நிறம், இடுப்பு உயரச் சக்கரங்கள், கூரைக்குப் போக ஓர் ஏணி, பக்கவாட்டில் திருகி மாட்டிய மண்வெட்டி. தினமும் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் போய் வருகிறவர் அந்த மண்வெட்டியால் எதைத் தோண்டப் போகிறார் என்று கேட்க வாய் வரை வந்தது. சென்னையிலிருந்து வந்த ஐ.டி.க்காரர், நல்ல மனிதர், தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிற குடும்பம். அதனால் அடக்கிக்கொண்டேன்.

"ஆன்ட்டி, இது சும்மா எஸ்யூவி இல்ல. ஆர்மிக்குன்னு டிசைன் பண்ண வண்டி. அதோட சிவிலியன் மாடல். மிலிட்டரி கிரேடு!" என்றார்.

ஆன்ட்டி என்றதை மன்னித்துவிட்டேன். மிலிட்டரி கிரேடு என்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை. இந்தக் காலத்தில் எதைப் பார்த்தாலும் மிலிட்டரி கிரேடுதான். விமான் நகர் மாலில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு அப்படி எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்த எதிரி அந்தப் பாட்டிலைச் சுடப் போகிறான் என்று தெரியவில்லை. இந்த வண்டியும் அதுபோலத்தான். ஹடப்சர் நெரிசலில் ஆட்டோக்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் முக்கி முனகி, வேகத்தடை வந்தால் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மெதுவாக ஏறி இறங்குகிறது.

அவருடைய அம்மா ஏறுவதற்கென்று பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருக்கிறார். மலையேறும் வண்டிக்கு ஸ்டூல். நேற்று அந்த அம்மா இறங்கும்போது கைகொடுத்தேன். "எறங்கறதுக்குள்ள உசுரு போயி உசுரு வருதும்மா" என்றார். திறந்த கதவு வழியாகப் புது ரப்பரும் பெயின்டும் கலந்த வாசனை வந்து முகத்தில் அடித்தது. அதற்கப்புறம் நான் ஹடப்சரில் இல்லை.

இதே நகரத்தின் மறு ஓரத்தில், நிக்டிக்கு அப்பால், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதன் பின்னால் மேடும் பள்ளமும் கல்லும் சேறுமாக ஒரு சோதனை மைதானம். என் முதல் வேலை அங்கேதான். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லும்படியான பெருமை ஒன்றும் அதற்கு இல்லை. கோயம்புத்தூரில் பொறியியல் படித்துவிட்டு வந்து, நிக்டியில் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். ராணுவத்துக்காக ஓர் இலகு ரக வண்டி செய்துகொண்டிருந்தார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று மூன்றாக எதிரெதிரே ஆறு ஜவான்கள், கூரையில் துப்பாக்கி பொருத்த ஒரு வளையம். அதைச் சோதித்து எழுதும் பிரிவில் நான் கடைக்குட்டி. ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம் என்றார்கள். ஒழுங்கு என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

வண்டியை ஓட்டியவர் ஏகாம்பரம். குடியாத்தம் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஓட்டுநராக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் எங்களிடம் வந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது, மீசைக்கு மட்டும் அறுபது. அந்தக் கொட்டகையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் பேசும் தமிழும் நான் பேசும் தமிழும் ஒன்றுதானா என்று எங்களுக்கே சில நாள் சந்தேகம் வரும்.

பின் இருக்கைகளில் ஜவான்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை வைத்துத்தான் ஓட்டுவோம். ஆள், துப்பாக்கி, முதுகுப்பை எல்லாம் சேர்ந்த எடைக்கு ஒரு கித்தான் மூட்டை. ஆறையும் பெல்ட் போட்டு உட்கார வைக்க வேண்டும். இதில் ஏகாம்பரம் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு மூட்டையிலும் சுண்ணக்கட்டியால் ஓர் அதிகாரியின் பெயரை எழுதுவார். பட்டாளத்தில் கற்ற இந்தி எழுத்து, குண்டு குண்டாக அழகாக இருக்கும். திட்டத் தலைவர் குல்கர்ணி சார்தான் முதல் மூட்டை. தரக் கட்டுப்பாடு, கொள்முதல், கணக்கு என்று மற்றவர்கள் வரிசையாக வருவார்கள். தரக் கட்டுப்பாட்டுக்காரருக்கு எப்போதும் குலுக்கல் அதிகமான கடைசி இருக்கை. "மேடம், இன்னிக்கு குல்கர்ணி சாரு கிழிஞ்சிட்டாரு, ஊசி நூலு எடுத்தாங்க" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார். நான் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

"எம் பேரையும் ஒன்னுல எழுதுங்க சார்" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒங்க பேரு எதுக்கு மேடம்? நீங்க வாயத் தொறந்து பேசற ஆளாச்சே" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாவது மாதத்தில் ஒருநாள், தேநீர் நேரத்தில், வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார் ஏகாம்பரம். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், மூட்டைக்கு மொழங்காலு கீதா?"

"இல்லீங்களே சார்."

"ஜவானுக்குக் கீது. இங்க பாருங்க, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல எவ்ளோ எடம் வுட்டுகிறான்னு."

ஒன்றரைச் சாண் இருந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு, என்னையும் கொட்டகை ஆட்கள் ஐந்து பேரையும் உள்ளே ஏற்றினார். ஹெல்மெட், பூட்ஸ், மடியில் துப்பாக்கிக்குப் பதில் ஆளுக்கொரு இரும்புக் குழாய். என் முழங்கால் எதிரில் இருந்த மெக்கானிக் சந்தோஷின் முழங்காலில் இடித்து அப்படியே சிக்கிக்கொண்டது. விசில் அடித்ததும் இறங்கச் சொன்னார். ஒருவர் காலை ஒருவர் மிதித்து, குழாய்கள் குறுக்கே மாட்டி, கதவருகே இருந்தவன் பிதுங்கி விழுந்தான். எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சுடறான்னு வெச்சிக்கங்க. இப்டி எறங்குனா ஆறு பேரும் உள்ளயே காலி. இத்த எழுதுங்க மேடம்."

எழுதினேன். பின் இருக்கைகளில் ஆட்களை உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும், இடைவெளி போதாது என்று ஓட்டுநர் கருதுகிறார் என்று தெளிவாகவே எழுதினேன். குல்கர்ணி சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எடைச் சோதனையில் ஆட்களை ஏற்றினால் இன்சூரன்ஸ் சிக்கலாம். மூட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லையாம். இருக்கையை மாற்றினால் ராணுவத்திடம் வண்டியைக் காட்டும் தேதி தள்ளிப்போகுமாம். "ஜவான் லோக் அட்ஜஸ்ட் கர் லேங்கே" என்றார். ஜவான்கள் சமாளித்துக்கொள்வார்களாம். குளிரூட்டிய அறையில், சக்கரம் வைத்த நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார். பிறகு, என் வேலை நிரந்தரமாவது பற்றிய தாள் அவர் மேசைக்கு வந்திருப்பதாக, சம்பந்தமே இல்லாதவர்போல ஒரு வார்த்தை போட்டார்.

அந்த இரண்டு வரியை நீக்கினேன். ஓட்டுநர் குறிப்பு என்ற கட்டத்தில் 'ஏதுமில்லை' என்று அடித்தேன். ஏகாம்பரத்திடம் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான் என் வீரம்.

ராணுவத்திலிருந்து ஒரு மேஜரும் ஆறு ஜவான்களும் வந்தார்கள். மைதானத்தில் பந்தல், சமோசா, ஈ ஓட்ட ஓர் ஆள், வண்டிக்குச் சாமந்தி மாலை. குல்கர்ணி சார் அன்றைக்குத் தொப்பிகூடப் பச்சையில் போட்டிருந்தார். ஏகாம்பரம் வண்டியை மேட்டிலும் சேற்றிலும் ஓட்டிக் காட்டியதைப் பார்த்து மேஜரே கைதட்டினார். கடைசியில் விசில் ஊதியதும் ஜவான்கள் முழு ஆயுதங்களோடு இறங்க வேண்டும்.

இரண்டு பேர் இறங்கினார்கள். மூன்றாமவனின் பூட்ஸ் எதிர் இருக்கையின் காலில் மாட்டியது. பின்னால் இருந்தவன் முட்ட, அவன் இரும்புப் படியில் முகம் குப்புற விழுந்தான். உதடு கிழிந்து சட்டை எல்லாம் ரத்தம். இருபது வயது இருக்கும். வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் எழுந்து விறைப்பாக நின்றான்.

மேஜர் கத்தவில்லை. ஒருவராவது உங்கள் ஆட்களை இதில் உட்கார வைத்துப் பார்த்தீர்களா என்று இந்தியில் கேட்டார். குல்கர்ணி சார், அதெல்லாம் ஓட்டுநர் கவனித்துச் சொல்ல வேண்டியது என்றார்.

"மைனே போலா தா, சாப்" என்றார் ஏகாம்பரம். நான் சொன்னேன் ஐயா. குதிகால்களைச் சேர்த்து நின்றுகொண்டு சொன்னார்.

மேஜர் ஃபைலை வாங்கினார். ஓட்டுநர் குறிப்பு, ஏதுமில்லை. அதை வாய்விட்டுப் படித்தார். ஏகாம்பரம் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம்தான். தரையில் ஒரு சமோசாத் துண்டைச் சுற்றி எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வருடம் சீருடையில் இருந்த மனிதன், சீருடைக்காரர் ஒருவர் முன்னால் பொய்யனாக நின்றார்.

மேஜர் வண்டியை ஏற்கவில்லை, திருத்தச் சொன்னார். இருக்கைகளை மாற்றினார்கள், இந்த முறை ஆட்களையே உட்கார வைத்து. மனிதனை மையமாக வைத்த வடிவமைப்பு என்று குல்கர்ணி சாருக்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். என் வேலை நிரந்தரமானது. ஏகாம்பரத்தின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. போகிற அன்று சாவியை என் மேசையில் வைத்தார். "ஏகாம்பரம் சார்…" என்று எழுந்தேன். "வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடியாத்தம் போனாரா, வேறு எங்காவது வண்டி ஓட்டினாரா, நான் விசாரிக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சந்தோஷ் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டான். ஆறு மூட்டைகளும் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஐந்தில் பழைய பெயர்கள். குல்கர்ணி சாரின் பெயர் இருந்த முதல் மூட்டையில் மட்டும் அதை அழித்துவிட்டு வேறு ஏதோ எழுதியிருந்தது. "மேடம், இது என்ன பாஷை?" என்று இந்தியில் கேட்டான்.

தமிழ். என் பெயர். அதே குண்டு குண்டான எழுத்து. அந்தக் கொட்டகை முழுவதிலும் அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான், அது அவருக்கும் தெரியும். நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தாமல், எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஜாக்கிரதைன்னு எழுதியிருக்கு" என்று சந்தோஷிடம் இந்தியில் சொன்னேன். அதுவும் பொய்.

மூன்றாவது மாடிக்காரர் அந்தப் பக்கமெல்லாம் போய்வருகிறவர். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி மாளிகையாக ஒரு ஷோரூம் இருக்கிறதாம், தன் வண்டியைக்கூட அங்கேதான் வாங்கினாராம். மைதானத்தைச் சமன்படுத்தி வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்களாம். மூட்டைகளின் மணலை எங்கே கொட்டினார்களோ தெரியாது. அந்த ஒரு மூட்டை மட்டும் இருந்திருந்தால் பத்திரமாக எடுத்து வைத்திருப்பேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் சந்தோஷ் அந்தப் பக்கம் போனதும், துணியை நனைத்துக்கொண்டு வந்து, ஓர் எழுத்து விடாமல் துடைத்தவள் நான்தான். அவர் சொன்னதை ஒரு முறை அழித்தேன், எழுதியதை ஒரு முறை.