சோப்புப் போட்டு வேகவைத்த கடல் மணல்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். நான் நூல் கொடுத்து வாங்குவது ஜெயக்குமாரிடம் மட்டும்தான். காரணம் அவருடைய கண். விரல் நீளத்துக்கு ஒரு மாதிரி நூலை நீட்டினால் போதும். வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அதே நிறத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பட்டறைக்குள் நிறத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் முடிவு. மறுத்துப் பேசுகிறவர் அடுத்த தெருப் பட்டறைக்குத் தாராளமாகப் போகலாம்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. பட்டுச் சேலை நெய்யக் கொடுத்து விற்பவன். ஒரு கட்டு நூல் மாதிரிக்கு ஒத்துவராவிட்டால் மறுநாளே வேறு பட்டறை பார்த்துவிடுவேன். முகதாட்சண்யம் பார்த்தால் வியாபாரம் நடக்குமா? இது ஜெயக்குமாருக்கும் தெரியும். கூடவே நின்று வேலை செய்யும் அவர் மனைவி லீலாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்தக் கண் மேல் எனக்குச் சந்தேகம் வந்தால் அந்த வீட்டு அடுப்பு அணையும். சுற்றி வளைக்காமல் சொன்னால் விஷயம் அவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தாறு வயதில் கடல் மீன் வளர்க்கும் ஆசை வந்தது. என்னோடு சென்னைக்கு ஒரு ஜவுளிக் கடைக்கு வந்தவர், அங்கே வைத்திருந்த உப்புத் தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான். பவளம், பாசி, அதற்குள் புகுந்து புறப்படும் ஆரஞ்சு மீன். நான் உள்ளே போய்ப் பேசி முடித்து வந்த பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா ஜெயக்குமாரு, அப்படியே சொக்கிப்போய் நிக்கற?"

"ராவும் பகலும் தண்ணியிலயே கீது, சாயம் எறங்கல பாருங்கண்ணா," என்றார்.

ஊருக்கு வந்ததும் கூடத்தில் நாலடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. கடல் மீன் வளர்ப்பில் மற்றவர்களைப் பாடாய்ப்படுத்துவது தண்ணீர். அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. சாயத்துக்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்று பட்டறையில் ஏற்கெனவே சுத்திகரிக்கும் இயந்திரம் வைத்திருந்தார். அந்த நல்ல தண்ணீரிலேயே கடல் உப்பை அளந்து கரைத்து, உப்பின் அளவைக் காட்டும் மிதவைக் கருவியைப் போட்டுப் பார்த்து, ஒரே மூச்சில் சரி செய்துவிட்டார். பேஜார் மணலில்தான் ஆரம்பித்தது.

வேலூரில் வளர்ப்புக் கடல் மீன்கள் விற்கும் கடை வைத்திருக்கும் கோகுல்ராஜ் என்பவரைப் பிடித்திருந்தார். பொறுமைசாலி. எங்கள் ஊர்க் கமண்டல நாகநதி மணலை அள்ளிப் போட்டால் ஆகாதா என்று நான் கேட்டதற்கே சிரிக்காமல் பதில் சொன்னார். பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டான மணல்தான் வேண்டுமாம், தண்ணீரின் தன்மையை அதுதான் நிலையாக வைக்குமாம்.

"ரொம்பப் பொடியா இருந்தா மோட்டர் ஓடறப்போ பறக்கும் சார். பெருசா இருந்தா மீன் துன்ன மிச்சமெல்லாம் நடுவுல பூந்துக்கும். சக்கரை பருமனுக்கு எடுத்துக்கங்க," என்று மூட்டை ஒன்றை அனுப்பினார்.

ஜெயக்குமார் அதில் ஒரு பிடியை வெள்ளைத் துணியில் பரப்பி, நூலைப் பார்ப்பதுபோல வாசலில் வைத்துப் பார்த்தார். "மஞ்சள் அடிக்குது," என்று திருப்பி அனுப்பினார். வேறு மூட்டை வந்தது. அதுவும் மஞ்சளாம். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு உப்புபோல வெள்ளையாகத்தான் தெரிந்தது. அப்படியே சொன்னேன்.

"உங்களுக்கு சேலை விக்கத் தெரியும். கலரு தெரியுமா?" என்று எகிறினார். சரி சாமி, உன் மணல், உன் தொட்டி என்று நான் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற லீலா எதுவும் பேசவில்லை. புருஷனுடைய பைத்தியத்தில் அலுத்துப்போய் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாகக் கோகுல்ராஜ் அனுப்பியது உயிர் மணல். கடல் நுண்ணுயிர்களோடு ஈரமாகவே பையில் அடைத்து வருவது. மீன் கழிவின் விஷத்தை முறிப்பவை அந்த நுண்ணுயிர்கள். 'தண்ணி ஊத்திக் கழுவிடாதீங்க சார், அப்படியே கொட்டுங்க' என்று போனில் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னார். ஜெயக்குமார் பையைப் பிரித்தார். அதுவும் மஞ்சள்.

ஆரணிக்காரனுக்கு மஞ்சளைக் கண்டால் வேறு யோசனை வராது. பட்டு நூல் பட்டறைக்கு வரும்போது மஞ்சளாகத்தான் வரும், மேலே பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் பசை கரைந்து நூல் வெளுக்கும். அந்த மணலும் அண்டாவுக்குள் போனது. சோப்பு, சோடா, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். துடுப்பைப் போட்டுக் கிளறு கிளறென்று கிளறினார். அலசி எடுத்துப் பார்த்தபோதும் அவருக்கு மஞ்சள் போகவில்லை. கடலிலிருந்து அவ்வளவு தூரம் வந்த உயிர்கள்தான் போய்ச் சேர்ந்தன.

கடல் பாசியைக் கையில் எடுத்துக்கொண்டு கோகுல்ராஜ் நேரிலேயே வந்த அன்று, கத்தரிப்பூ நிற நூல் கட்டுகளை வாங்கிப்போக நானும் பட்டறையில் இருந்தேன். கோகுல்ராஜ் அண்டாவை எட்டிப் பார்த்தார். விரலை விட்டுத் தேய்த்தார். வழவழவென்றிருந்தது.

"சோப்பா சார் இது?"

"மஞ்சளா கீதேன்னு வேகவெச்சேன்."

அந்தப் பொறுமைசாலியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பாசிப் பைகளைப் பிரித்தார். ஒன்று பச்சை, சிக்கு விழுந்த நூல்போலப் பந்தாகக் கிடந்தது. இன்னொன்று கொத்துக் கொத்தாகச் சிவப்பும் நீலமும் கலந்த நிறம், அசல் கத்தரிப்பூ. கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைப்பவை இவை என்றார். திராட்சைபோல் காய்க்கும் பாசி ஒன்று உண்டாம். அது தொட்டியையே வளைத்துக்கொள்ளும் என்பதால் கொண்டுவரவில்லையாம்.

ஜெயக்குமார் கத்தரிப்பூக் கொத்தைத் தூக்கி வாசல் பக்கம் பிடித்தார்.

"இன்னாப்பா, செத்துப்போனதைக் கொண்டாந்து என் தலையில கட்டப் பாக்கறியா? பாக்கு கலருல கீது."

கோகுல்ராஜுக்குப் பொறுமை அங்கே முடிந்தது. "சார், மணலு வெள்ளை. பாசி உயிரோட இருக்குது. நீங்க மொதல்ல ஜல்தியா போய் உங்க கண்ணைக் காட்டுங்க!"

பட்டறையில் யாரும் அதுவரை பேசாத பேச்சு அது. ஜெயக்குமார் கொத்தை லீலாவிடம் நீட்டினார். "நீ சொல்லு லீலா. இது இன்னா கலரு?"

லீலா பாசியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, மணல் விஷயத்தில் அவள் வாய் திறக்காததும் நான் பக்கத்தில் நின்றதால்தான் என்று.

"கத்தரிப்பூங்க," என்றாள். "நல்லா உயிரோட கீது."

"அப்போ நான் போடற கலரு?"

"ஒரு வருஷமா நீலம் கம்மியா வுடறீங்க. நீங்க டீ குடிக்கப் போனப்பறம் நான்தான் தொட்டியில சேத்துகினு இருக்கேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா நூலை வேற எடத்துல குடுத்துடுவாருன்னு சொல்லல. உங்ககிட்ட சொன்னா நீங்க சத்தம் போடுவீங்க, தெருவுக்கே கேட்டுடும்."

ஜெயக்குமார் அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. நூல் கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பையிலிருந்த மாதிரி நூலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். எது மாதிரி, எது கட்டு என்று பிரிக்க முடியவில்லை. நல்ல நூலை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன கிறுக்கா? "அடுத்த லோடும் இங்கேயே வரும்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். லீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு கண்ணிலும் புரை. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மூடியதால் அவருக்கே தெரியவில்லை, நீல நிறங்கள் எல்லாம் மங்கி உலகமே மஞ்சளாகிவிட்டது என்றார் வேலூரில் அறுவை செய்த டாக்டர். ஒரு கண் முடிந்து, மறு கண்ணும் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது புது மாதிரியோடு போனேன். கோகுல்ராஜ் புதிதாகக் கொடுத்த மணலை, கழுவாமல் கொள்ளாமல், தொட்டியில் பரப்பியிருந்தார்கள். பாசி மிதந்தது. இன்னும் மீன் விடவில்லை.

ஜெயக்குமார் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீலா ஆரம்பம் முதல் முடிவு வரை தனியாகச் சாயம் போட்ட ஆனந்தா நீல நூல் கட்டை வாசலில் தொங்கவிட்டு, இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்காவது திட்டு விழுந்திருக்கிறதா, மேலும் கீழும் ஒரே அளவா என்று தேடினார். தேடினார் என்றால் அப்படி ஒரு தேடல். வந்த என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கடைசியில் நூலை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பொறாமையா கீது லீலா," என்றார். "இத்தினி வருஷம் இந்தப் பட்டறையில என் கண்ணு மட்டும்தான் கண்ணுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

லீலா துடுப்பைத் தொட்டிக்குள்ளிருந்து எடுக்கவில்லை.

"உங்களுக்குப் பொறாமைப்பட நேரம் கெடைச்சுதே," என்றாள். "நான் ஒரு வருஷமா பயந்துகினு மட்டும்தான் இருந்தேன்."