அண்ணன் பேரில் இருந்த லைசென்ஸ்

போன மழையில் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அம்மா அரிசி டப்பாவைத் தூக்கினாள். அண்ணி துணி மூட்டையைத் தூக்கினார். நான் கேஸ் சிலிண்டரைக் கட்டில் மேல் ஏற்றினேன். கட்டிலுக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மழையும் சாக்கடையும் கலந்த அந்தத் தண்ணீரில் அது ஒரு பகல் முழுக்க நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு திறந்து பார்த்தேன். போர்டு முழுக்கச் சேறு. துடைத்து, வெயிலில் காய வைத்து, ஸ்விட்ச் போட்டதும் ஒரு தரம் மின்விசிறி சுற்றியது. அப்புறம் தீய்ந்த வாடை. அவ்வளவுதான்.

அந்த மெஷினில்தான் எங்கள் வீட்டுச் சோறு இருந்தது. அண்ணி ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களை டைப் அடித்துக் கொடுக்கிறார். அம்மா மயிலாப்பூரில் சில அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். நான் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் இல்லை. அவன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கம்பெனி கறார். மெஷின் மாறினால் அங்கிருந்து ஒரு மேடம் வீடியோவில் வந்து திரையைப் பார்ப்பார். ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரிஜினலா, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்ப்பார். திருட்டு லைசென்ஸ் கீ போட்டு மாட்டிய ஒருத்தியை அண்ணிக்குத் தெரியும். அன்றைக்கே அவள் ஐடியை மூடிவிட்டார்கள். அண்ணிக்கு அந்த வாரக் கடைசி வரை நேரம் கொடுத்தார்கள். அதற்குள் மெஷின் தயாராகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

மெஷின் கட்டுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான்தான் முதல். அம்மாவுக்குக் கைநாட்டு. அண்ணன் எழுத்துக் கூட்டிப் பெயர்ப் பலகை படிப்பான், அதுவும் கடை கடையாக லோடு இறக்கிப் பழகியது. அண்ணி பன்னிரண்டாவதும் டைப்பிங்கும் முடித்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவர். நான் நந்தனத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றும் புதிது. பழைய பெட்டி, பழைய மானிட்டர். இவற்றை வாங்கியதிலேயே கை காலி. லைசென்ஸை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று இருந்தேன்.

அதை வாங்கியது அண்ணன். லோடு ஆட்டோ ஓட்டினான். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைகளுக்குத்தான் பாதி நாள் ஓட்டம். அங்கே எந்தக் கடையிலோ ரெய்டு வந்து மெஷின்களை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு ஒரு பயம். அண்ணிக்கு மெஷின் வாங்கியபோது லைசென்ஸும் ஒரிஜினல்தான் வேண்டும் என்று நின்றான்.

"இன்னாடா, மெஷின் செத்தா இதுவும் கூடவே செத்துடுமா?" என்று கேட்டான்.

"போர்டோட ஒட்டி வர்றதுன்னா செத்துடும். இது உன் பேர்ல கணக்கு ஆரம்பிச்சு வாங்கறது. நாளைக்கு வேற மெஷின் கட்டுனாலும் இத எடுத்து அதுல போட்டுக்கலாம்."

"அப்ப சரி. மெஷின் போனா போவட்டும். இது நிக்கணும்."

ஆள் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவனும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தி. நகரில் லோடு இறக்கிவிட்டு வண்டியிலேயே சாய்ந்துவிட்டான். கூட இருந்தவர்கள் தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். குழியில் ஆளுக்குப் பிடித்ததைப் போடுவார்கள். சித்தப்பா பீடிக்கட்டு வைத்தார், யாரோ குவார்ட்டர் வைத்தார்கள். அம்மா அவன் செல்லை எடுத்து சட்டைப் பாக்கெட்டில் வைத்தாள். அதில் சிம் இருக்கிறது, கழற்றிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் அதை எப்படிச் சொல்வது? மண் போட ஆரம்பித்ததும் அது அடித்தது. ஏதோ கடைக்காரர், விஷயம் தெரியாமல் லோடுக்குக் கூப்பிட்டிருக்கிறார். வெட்டியான் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "எடுத்துக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். அது அடித்து நிற்கும் வரை எல்லோரும் நின்றோம். அப்புறம் மூடினார்கள்.

புது மெஷின் முதல் தடவையிலேயே எழுந்துகொண்டது. திரையின் வலது மூலையில் மங்கலாக, ஆக்டிவேட் செய்யச் சொல்லி ஒரு வரி எழுத்து. அண்ணன் கணக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டு அண்ணிக்குத் தெரியும். போட்டதும், இது புது மெஷினாக இருக்கிறது, இந்த செல் எண்ணுக்கு ஓர் ஓடிபி கோடு அனுப்புகிறோம், அதைச் சொல் என்றது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது.

அண்ணி எட்டிப் பார்த்தார். "அது மண்ணுக்குள்ள இருக்குதே" என்றார்.

லைசென்ஸ் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டேன். கணக்குக்கு உரியவர் இறந்துவிட்டார், நான் தம்பி, சான்றிதழ் இருக்கிறது என்று விவரமாகவே எழுதினேன். வருந்துகிறோம், கணக்குக்கு உரியவர் தாமே வந்து உறுதிப்படுத்த வேண்டும் என்று பதில் வந்தது. வேறு வழியில் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போர்டு வாங்கிய கடைக்கார பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் தம்பி இதுக்குப் போய் அல்லாடறீங்க? நான் ஒரு கீ போட்டுத் தர்றேன். எவனுக்குத் தெரியப் போவுது?" அந்த மேடத்துக்குத் தெரியும் என்றேன்.

டூப்ளிகேட் சிம் கேட்டு செல் கம்பெனிக் கடைக்குப் போனபோதுதான் தெரிந்தது, ரீசார்ஜ் இல்லாமல் கிடந்ததால் அந்த எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கடைக்கு வெளியே நின்று அந்த எண்ணுக்கு அடித்தேன். மணி போயிற்று.

"யாரு?" ஒரு பையனின் குரல். பின்னால் வண்டிச் சத்தம்.

"அண்ணா, ஒரு நிமிஷம். உங்க நம்பருக்கு ஒரு கோடு வரும். அத மட்டும் சொன்னீங்கன்னா..."

"ஆங்? ஓடிபியா? இன்னா நைனா, வேற எவனும் மாட்லியா? பேங்க்லேர்ந்து பேசறியா, கரண்டாபீஸ்லேர்ந்து பேசறியா? அத்த மொதல்ல சொல்லு."

"இல்லண்ணா, இது எங்க அண்ணன் நம்பரு..."

"உங்க அண்ணன் நம்பர்னா உங்க அண்ணன்கைல கேளு" என்று வைத்துவிட்டான்.

மறுபடி அடித்தேன். காசு விஷயமில்லை, ஒரு கம்ப்யூட்டர் விஷயம், வீட்டில் ஒருத்தர் வேலை போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பின்னால் வண்டிச் சத்தம் நின்றது. "நேர்ல வா. மூஞ்சியப் பாத்தாதான் நீ யாருன்னு தெரியும். அடையாறு டிப்போ எதிர்ல டீக்கடை. மத்தியானத்துக்கு மேல ஆர்டர் கொறையும், அப்ப வா."

சாப்பாடு டெலிவரி செய்பவன். என் வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான். செல்லில் அண்ணன் போட்டோவையும் இறப்புச் சான்றிதழையும் காட்டினேன். உண்மையைச் சொன்னால் நம்புவான் என்று நினைத்தேன். நம்பினான்.

"செத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத் தன் செல்லையே பார்த்தான். "அப்ப அந்த ஆயா?"

"எந்த ஆயா?"

"தெனிக்கும் மத்தியானம் ஒரு ஆயா போன் பண்ணுது நைனா. நம்பர் வாங்கனதுலேர்ந்து. மொதல்ல ஒன்னியும் பேசாது. மூச்சு மட்டும் கேக்கும். ராங் நம்பர்னா வெச்சிடும். மறுநாளு திருப்பி அடிக்கும். ஒரு நாளு சாப்ட்டியான்னு கேட்டுச்சு. வண்டி ஓட்டிக்கினே, சாப்ட்டேன் ஆயான்னுட்டேன். அதுலேர்ந்து தெனிக்கும் அதத்தான் கேக்குது. நானும் அதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

எண்ணைக் காட்டினான். அம்மாவின் எண்.

வீட்டில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணிக்குப் போன் போட்டு, அனுப்பு என்று இருப்பதை அழுத்தச் சொன்னேன். அவன் கையில் இருந்த செல் ஒரு தரம் சிணுங்கியது. ஒவ்வோர் இலக்கமாக அவன் வாசிக்க, நான் திருப்பிச் சொல்ல, அங்கே அண்ணி அடித்தார்.

"உள்ள போயிடுச்சு" என்றார் அண்ணி. "பழைய மெஷின் பேரக் காட்டுது. இப்போது நான் பயன்படுத்துவது இதுதான்னு டிக் பண்ணச் சொல்லுது. அந்த மெஷின் இது இல்லியே."

"பரவால்ல அண்ணி. டிக் பண்ணுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "மூலையில இருந்த எழுத்து போயிடுச்சு" என்றார். அண்ணன் போன பிறகு அண்ணி அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டு நான் கேட்டதில்லை.

நன்றி சொல்லத் திரும்பினேன். அவன் முகம் மாறியிருந்தது.

"நைனா, தப்பா நெனிக்காத. இந்த நம்பர நான் வெச்சிக்க மாட்டேன். நாள் பூரா ரோட்ல கீறவன் நான். செத்தவன் நம்பர வெச்சிக்கினு, அவங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கினு... வூட்ல தெரிஞ்சா கத்துவாங்க. இன்னிக்கே வேற சிம் வாங்கிடுவேன்."

"கொஞ்ச நாளாச்சும்..."

"நீயா இருந்தா வெச்சிக்குவியா?"

ஒரு டீ வாங்கித் தரப் போனேன். அதையும் வேண்டாம் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே விடிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் மேடம் வரும் நேரம். அண்ணி தலை வாரி, நல்ல புடவை கட்டி, காமிராவில் ஈரச் சுவர் தெரியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா வேலைவீடுகளை முடித்துக்கொண்டு வந்து சுவரோரம் பாயில் உட்கார்ந்து தன் பட்டன் செல்லை எடுத்தாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. முதல் பட்டனை அமுக்கிப் பிடித்தால் அவனுக்குப் போகும்படி அண்ணனே வைத்துக் கொடுத்திருந்தான். காதில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள்.

"யாரோ பொம்பள பேசுது. அணைச்சு வெச்சிருக்குதாமே" என்றாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, அது அண்ணன் இல்லம்மா. நம்பர வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"எனக்குத் தெரியாதாடா? பாக்கெட்ல வெச்சவளே நான்தான்" என்றாள். "அவன் கொரலு வேற, இவன் கொரலு வேற. சாப்ட்டேன்னு சொல்லிச்சு பாரு. ஒரு பிள்ள சாப்ட்டுச்சுன்னு காதுல கேட்டா நானும் உக்காந்து சாப்புடுவேன்."

அந்தப் பையன் இன்றைக்கு ஏன் எடுக்கவில்லை, அது யாரால் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மேடம் லைனில் வந்தார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும். அதைத் திறங்கள், இதைத் திறங்கள் என்றார். அண்ணி திறந்தார்.

"லைசென்ஸ் ஓகே. ஆனா யூசர்னு வேற ஒருத்தர் பேர் காட்டுதே, யாரு?"

"என் வீட்டுக்காரர் மேடம்."

"அவரும் இந்த சிஸ்டத்த யூஸ் பண்ணுவாரா? பேஷண்ட் விவரமெல்லாம் இருக்கும். வேற யாரும் உள்ள வரக் கூடாது."

"வர மாட்டார் மேடம்."

"வாயால சொன்னா போதாதும்மா. அவர் பேர எடுத்துட்டு உங்க பேர மட்டும் வையுங்க. இப்பவே பண்ணுங்க, நான் லைன்ல இருக்கேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். எடுத்தால் லைசென்ஸ் போய்விடுமா என்பது கேள்வி. போகாது. புது போர்டோடு அது ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி அவன் பேர் அதற்குத் தேவையில்லை. தலையாட்டினேன். மவுஸை வாங்கக் கை நீட்டினேன், அண்ணி தரவில்லை. தன் பேரில் ஒன்றைத் தொடங்கினார். அப்புறம் அவன் பேரைத் தேர்ந்தெடுத்தார். இதை நீக்கினால் இவருடையது எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று மெஷின் கேட்டது. புதிதாகக் கட்டிய மெஷின், அதில் அவனுடையது என்று எதுவும் இல்லை. இருந்தாலும் அண்ணியின் விரல் கொஞ்சம் நின்றுதான் அழுத்தியது.

"ஆச்சாம்மா?" என்றார் மேடம்.

"ஆச்சு மேடம்."

"குட். திங்கக்கிழமைலேர்ந்து லாகின் பண்ணிக்கலாம்."

திரை மூடியது. அம்மா பாயில் இருந்தபடியே, "வேல கைல நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"நின்னுச்சு அத்த" என்றார் அண்ணி. திரும்பாமலே சொன்னார். அடுப்பில் சோறு வடித்து வைத்திருந்தோம். அன்றைக்கு யாரும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.