அம்மாவின் இரண்டாவது ஞானஸ்நானம்

மறுபடி பிறப்பதைப் பற்றி யாராவது பேச வந்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. நான் வேலை செய்யும் இடத்தில் ஒருத்தி இருக்கிறாள். லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க ரட்சிக்கப்பட்டாச்சா?" என்று கேட்பாள். ஆச்சு, பதினோரு வயதில், மேருவில், ஒரு மீன் தொட்டியில் என்று சொல்வேன். அவள் சிரிப்பாள். அது சிரிக்கிற கதை இல்லை.

நாங்கள் கிள்ளானில் இருந்தோம். அப்பா ரயில்வே குடும்பம், அம்மா தோட்டத்துக் குடும்பம், இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவராக மாறியதில்லை. பிறக்கும்போதே அப்படித்தான். பிறந்த பத்துப் பதினைந்து நாளில் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமியாரிடம் கொடுத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, பெயரைப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். அத்தோடு முடிந்தது. அப்பாவின் பக்தி வருஷத்தில் இரண்டு நாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர். மற்ற நாள்களில் பீர். குடித்தால் அடிப்பார். என்னை அல்ல.

ஷா ஆலம் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு சபைக்குக் கூட்டிப்போனார். டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த சபை. கீழே டயர் நாற்றம், மேலே கீபோர்டும் டிரம்ஸும். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்த அப்பா, மிச்சமிருந்த போத்தல்களை எல்லாம் கழுவுத்தொட்டியில் கவிழ்த்தார். ஒரு வாரம் தாங்கும் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆனால் அவர் அதற்குப் பிறகு குடிக்கவே இல்லை. கையையும் ஓங்கவில்லை. இதை நான் மறைக்க மாட்டேன். எனக்கு அந்தச் சபையைப் பிடிக்காது, ஆனால் அது அப்பாவை மாற்றியது உண்மை.

சிக்கல் என்னவென்றால், மாறினவர் தனியாக மாறிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "நாம இத்தனை வருஷமும் பேர் கிறிஸ்தவங்கதான். வெறும் பேருக்கு" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். அந்தச் சபையில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அம்மா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றுவாள். கூடத்தில் இருந்த மாதா சுரூபத்தை அவர் பேப்பரில் சுற்றி எடுத்த அன்று மட்டும், "குப்பையில போட்றாதீங்க" என்றாள். அவரும் போடவில்லை. கிள்ளான் கோயில் ஆபீசில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

குழந்தையில் ஊற்றின தண்ணீர் செல்லாது என்பது அந்தச் சபையின் சட்டம். புத்தி தெரிந்த பிறகு, தானே முடிவெடுத்து, முழுசாகத் தண்ணீரில் மூழ்கி எழ வேண்டும். அப்பா மூழ்கி எழுந்துவிட்டார். அடுத்தது அம்மாவும் நானும். அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தாள். காய்ச்சல், மாதவிலக்கு, தீபாவளி நேரத் தையல். "அடுத்த தடவ பாத்துக்கலாம்ங்க" என்பாள். மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. குடியை நிறுத்தின மனுஷனிடம் எப்படிச் சொல்வாள்?

அம்மா பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம். நாங்கள் இருவரும் தைத்த சேலைகளைப் பையில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறுவோம். கடையில் கால் மணி நேர வேலைதான். மிச்ச நேரத்துக்கு அம்மா என்னை அங்கிருந்து நடத்தியே கோயிலுக்குக் கூட்டிப்போவாள். சாயங்காலப் பூசை. கிள்ளானில் எங்களை எல்லாருக்கும் தெரியும், இங்கே யாருக்கும் தெரியாது. முதல் தடவை திரும்பி வரும்போது, "கடையில லேட்டாயிருச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். பிறகு அதை எனக்குச் சொல்லித்தரக்கூடத் தேவைப்படவில்லை.

எனக்கு அந்தப் பூசை பிடிக்காது. புழுக்கம், முட்டி வலி, எப்போது முடியும் என்ற நினைப்பு. ஆனால் அம்மா அங்கே வேறு மாதிரி இருப்பாள். வீட்டில் எந்நேரமும் வாசல் பக்கம் ஒரு காதை வைத்திருப்பவள், அங்கே முட்டி போட்டால் பின்னால் யார் வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் அப்போது தெரியவில்லை.

சபையில் ஞானஸ்நானத்துக்கு முன் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. பாஸ்டரின் மனைவிதான் எடுத்தார். ஆன்டி என்று கூப்பிடுவோம். தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். நான் எழுதிக்கொண்டு போனதை ஆன்டி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வீட்டுப்பாடம் செய்யல, டீச்சர்கிட்ட பொய் சொன்னேன். இதெல்லாம் எல்லாப் பிள்ளையும் செய்றதுதானேலா, கேர்ள். உன்னை ஆண்டவர் எதுலேருந்து தூக்கி எடுத்தாரு? அத யோசி."

நான் ஒரு வாரம் யோசித்தேன். பதினோரு வயதில் தூக்கி எடுக்கிற அளவுக்கு நான் எதிலும் விழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்திலும் முதல் மூன்றுக்குள் வருகிற பிள்ளை நான். இதில் மட்டும் தோற்றுவிடுவேன் போலிருந்தது. இரவு படுத்தால் கால் அரித்தது.

அந்த ஞாயிறும் வந்தது. டயர் கடைக்குப் பின்பக்கம், மீன் வளர்த்து விற்கும் ஓர் அங்கிள் கொண்டுவந்திருந்த நீல நிற ஃபைபர் தொட்டி. கழுவியிருந்தும் கிட்டப் போனால் மீன் வாடை. சுற்றிச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மா இரண்டாம் வரிசையில், நல்ல சேலையில். அப்பா ஓரத்தில் நின்று என்னைப் படம் பிடிக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

எனக்கு முன் ஒரு பையன். செமினியில் மாமா வீட்டுக்குப் பின்னால் பேயைப் பார்த்தானாம். இயேசுவே என்றதும் ஓடிவிட்டதாம். சபை எழுந்து நின்று கை தட்டியது. போன வாரம் என்னிடம் சொன்னபோது அது பூனை. தண்ணீரிலிருந்து எழுந்தவன் என்னைப் பார்த்து, "ஒனக்கு என்னா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மைக் என் கைக்கு வந்தது. எழுதினதைப் படித்தேன். வீட்டுப்பாடம். பொய். தம்பி முறைப் பையன் ஒருவனைக் கிள்ளினது. பின்னால் யாரோ ஒருவர் மட்டும், போனால் போகிறது என்று ஓர் அல்லேலூயா சொன்னார். ஒரு குழந்தை அழுதது. பாஸ்டர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"நான் எல்லா சனிக்கிழமையும் அம்மாகூட பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குப் போயி, சுரூபத்துக்கு முன்னாடி முட்டி போட்டேன்."

"ஸ்தோத்திரம்!" என்று ஒரு கத்தல். பிறகு பத்து. பிறகு எல்லோரும். யாரோ டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. நிறுத்த முடியவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றினதைச் சொன்னேன். அம்மாவின் பொத்தான் டப்பாவில் செபமாலை இருப்பதைச் சொன்னேன். அப்பாவிடம் கடையில் நேரமாகிவிட்டது என்று சொல்வோம் என்பதையும் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அம்மா என்னை இரண்டு அறை அறைந்திருப்பாள், அதோடு போயிருக்கும்.

பாஸ்டர் என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். மூக்கில் தண்ணீர் ஏறியது. கண்ணைத் திறந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அப்பாவின் போன் கீழே இறங்கியிருந்தது.

"சிஸ்டர், பிள்ளை வாயால ஆண்டவர் உங்ககிட்ட பேசிட்டாரு. இன்னும் எத்தன நாளு?" என்றார் பாஸ்டர்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குடித்த பழைய நாள்களில், கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை. அப்பா கோபமாக இல்லை. அழுதுகொண்டிருந்தார். "வாம்மா, என்கூட வந்துரு" என்றார். அவர் குடிக்காமல் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

அம்மா எழுந்தாள். "மாத்துத் துணி எடுத்துட்டு வரல" என்றாள்.

"அதுக்கென்ன சிஸ்டர், என்கிட்ட பாஜு சட்டை இருக்கு, கைலி இருக்கு" என்று ஆன்டி பையோடு ஓடிவந்தார். எல்லாம் தயாராக இருந்தது.

அம்மா செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, சேலையோடு தொட்டியில் இறங்கினாள். சேலை தண்ணீரில் ஊதிக்கொண்டு மேலே வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே இருந்தாள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி நின்றதால், அடுத்துப் பேசினது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இயேசுவ சொந்த ரட்சகரா நம்புறீங்களா சிஸ்டர்?"

"எப்பவும் நம்புனேன்."

"அப்படியில்ல சிஸ்டர். இன்னைக்கு, இப்போ."

அம்மா மேலே வந்த சேலையை மறுபடி அமுக்கினாள். பிறகு, "இன்னைக்கும் நம்புறேன்" என்றாள்.

பாஸ்டருக்கு அது போதுமா போதாதா என்று தெரியவில்லை போலிருக்கிறது. அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு முக்கினார். சபை பாடியது.

காரில் அப்பா வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார். மாமாக் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி முர்தபா ரொட்டி கட்டி வாங்கிக்கொண்டார். "இன்னைக்குத்தான் நாம ஒரு குடும்பம்" என்றார். முன் சீட்டில் ஆன்டியின் பூப்போட்ட பாஜுவில் இருந்த அம்மா யாரோ மாதிரி இருந்தாள். ஈரச் சேலை அவள் காலடியில் பிளாஸ்டிக் பையில் கிடந்தது. நான் பின்னாலிருந்து அவள் தோளைத் தட்டினேன்.

"அம்மா, இப்போ எப்படி இருக்கு?"

"ஈரமா இருக்கு" என்றாள்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். என் அம்மாவை நானே காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை எனக்கு. அந்தப் பேய்க்காரப் பையன் யாரைக் காப்பாற்றினான்?

வீட்டுக்கு வந்ததும், அப்பா கேட்பதற்கு முன்பே அம்மா பொத்தான் டப்பாவைத் திறந்து செபமாலையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் திட்டவில்லை. ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மத்தியானமே வந்துவிட்டார்.

"பையைக் குடு. இனிமே நானே கார்ல கொண்டுபோயிக் குடுத்துட்டு வரேன். இவ்வளவு நாளா ஒன்ன ரயில்ல அலைய விட்டுட்டேன்."

அம்மா பையை நீட்டினாள். அப்பா எவ்வளவு நல்லவராகிவிட்டார் என்று நினைத்தேன். நிஜமாகவே அவர் நல்லவராகத்தான் ஆகியிருந்தார். அவர் மேல் கோபப்படலாம் என்று பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். பிறகு கோபமெல்லாம் மைக்கைக் கொடுக்காத அந்தப் பிள்ளை மேலேயே போகிறது.

கார் போன பிறகு அம்மா மெஷினில் உட்கார்ந்தாள். சேலை விரித்தபடி இருந்தது, கால் மிதிக்கவில்லை. பூசை நேரம் வந்தது, போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்தில் வீட்டில் என்ன செய்வது என்றே எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குப் புது வேதாகமம் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதன் முதல் பக்கத்தில் பெயரும், கீழே 'மறுபடி பிறந்த நாள்' என்று ஒரு கோடும் இருக்கும். எல்லோரும் தேதியை நிரப்பிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காட்ட வேண்டும். நான் என்னுடையதை எழுதிவிட்டு, அம்மாவுடையதையும் பேனாவையும் அவளிடம் நீட்டினேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. மளமளவென்று எழுதிக் கொடுத்தாள். தேதி, மாதம், வருஷம். வருஷம் அவள் பிறந்த வருஷம்.

"அய்யோ அம்மா, இது ஒங்க பர்த்டேலா!"

"இல்ல. பொறந்து பதினோரு நாள் கழிச்சு."

பதினோரு நாளில் யாருக்கு என்ன நடக்கும்? அம்மாவுக்குப் பாவம், கேள்வியே புரியவில்லை என்று நினைத்தேன். என் பென்சில் பெட்டியிலிருந்து தப்பை மறைக்கிற வெள்ளை மையை எடுத்து வந்தேன். அவள் எழுதினதன் மேல் மூன்று தடவை பூசினேன், ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி. அம்மா தடுக்கவில்லை. பக்கம் மடங்கிப்போய் மை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அது காய்கிற வரைக்கும் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எனக்கு உதவி செய்தாள். காய்ந்த பிறகு நான் போன ஞாயிற்றுக்கிழமையின் தேதியை, என் அழகான கையெழுத்தில், அதன் மேல் எழுதினேன்.